பில் போடற புள்ள மேல பாஞ்சு என்னங்க ஆகப் போகுது

கல்யாணத்துக்கு முன்னாடி சில வருஷம் திருப்பூர்ல ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல பில்லிங்ல இருந்தேன். இப்ப ரெண்டு பொடுசுகளையும் ஒரு மஞ்சப்பையையும் இழுத்துக்கிட்டு அதே மாதிரி கடைகளுக்கு சாமான் வாங்க போறேன். கவுண்டருக்கு அந்தப்பக்கமும் நின்னாச்சு, இந்தப்பக்கமும் நின்னாச்சு. அதனால கடைல யாரு யாரை எதுக்கு திட்டறாங்கன்னு பாத்தா எனக்கு பாதி நேரம் சிரிப்பு வரும், மீதி நேரம் பத்திக்கிட்டு வரும். திட்டு வாங்கறது முக்காவாசி சம்பந்தமே இல்லாத ஆளுங்க.

இந்த ரேட்டு மாறிப் போற விஷயத்தையே எடுத்துக்கங்க. ரேக்குல 180ன்னு ஒட்டியிருக்கும், பில்லுல 195ன்னு வரும், உடனே நம்மாளுங்க "ஏமாத்தறியா"ன்னு பில் போடற புள்ளகிட்ட குதிப்பாங்க. அந்தப் புள்ள பார்கோடை காட்டுனா கம்ப்யூட்டர் சொல்றது தாங்க ரேட்டு, அவளா அடிக்கறது இல்ல. ரேட்டு மாறறது ராத்திரி சிஸ்டத்துல ஏத்திடுவாங்க, ரேக்குல இருக்கற சீட்டை மறுநாள் காலைல பையனுங்க வந்து ஒவ்வொண்ணா மாத்தணும், அன்னைக்கு ரெண்டு பேரு லீவுன்னா அந்த சீட்டு மத்தியானம் வரைக்கும் பழசாவே தொங்கிட்டு இருக்கும். இதைவிட பெரிய குழப்பம் ஒரே பார்கோடு ரெண்டு எம்.ஆர்.பி. கம்பெனி ரேட்டை ஏத்துனாலும் இறக்குனாலும் பார்கோடை மாத்தறது இல்ல, பழைய சரக்கும் புது சரக்கும் ஒண்ணா ரேக்குல நிக்கும், ஸ்கேன் பண்ணுனா எந்த ரேட்டுன்னு சிஸ்டம் ஒரு பெட்டியை காட்டி கேக்கும், அவ பாக்கெட்டை திருப்பி பாத்து சரியானதை அமுக்கணும். வரிசைல 10 பேரு நிக்கும்போது கை தன்னால மேல இருக்கறதை அமுக்கிடும். 2025 செப்டம்பர் 22ல சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலைக்கு வைக்கற எண்ணெய்க்கெல்லாம் ஜி.எஸ்.டி 18ல இருந்து 5க்கு இறங்குச்சில்லீங்களா, அப்ப கடைக்குப் போனவங்களுக்கு நான் சொல்றது புரியும், பாக்கெட்டுல ஒரு விலை, பில்லுல ஒரு விலை, எது பழசு எது புதுசுன்னு எல்லா கவுண்டர்லயும் ஒரே பஞ்சாயத்து.

சரி அதுக்குன்னு விட்டுடறதான்னா, விடாதீங்க. ரேக்குல இருக்கற சீட்டை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, விலை கூட இருக்கற சாமானுக்காவது. பில்லுல மாறி வந்தா போட்டோவை காட்டி "சூப்பர்வைசரை கூப்புடுங்கம்மிணி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுது. ஒருக்கா அடிச்ச ஐட்டத்தை எடுக்கவே பல கடைல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டாத் தான் எடுக்க முடியும், அவளே குறைக்கணும்னு நெனச்சாலும் முடியாது. பாக்கெட்டுல அச்சடிச்ச எம்.ஆர்.பிக்கு மேல ஒரு ரூபா கூட யாரும் வாங்கக் கூடாது, 2011ல வந்த பொட்டலப் பொருள் விதிகள்ல தெளிவா இருக்குது, எல்லா வரியும் அதுக்குள்ள அடக்கம். ஜூஸ் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" ரெண்டு ரூபான்னு வாங்கறதும் இதுல தான் வரும். சூப்பர்வைசரும் மேனேஜரும் மழுப்புனா 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்குது, பில்லை கையில வெச்சுக்கிட்டு கூப்புடுங்க. கத்தறதை விட 1915ன்னு நம்பரை சொன்னாவே பாதி மேனேஜருங்களுக்கு குரல் இறங்கிடும், அதை நானே பாத்திருக்கேன்.

வரிசை விஷயம் தாங்க எனக்கு நெம்ப கடுப்பு. திருப்பூர்ல பனியன் கம்பெனிகள்ல சனிக்கிழமை தான் வாரச் சம்பளம், அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா கடைக்குள்ள கால் வைக்க எடமிருக்காது. அந்த நேரம் பாத்து ஒருத்தர் கையில ஒரு கொத்தமல்லிக் கட்டை வெச்சுக்கிட்டு வருவாரு, "ஏனுங் ஒரே ஒரு ஐட்டம் தானுங், போட்டுட்டு போயிடறனுங்க". இவ்வளவு மரியாதையா கேட்டா எப்படிங்க மாட்டேன்னு சொல்றது, அது தான் நம்மூரு வியாதி, "ங்க" போட்டு கேட்டா எதை வேணா கேக்கலாம்னு ஆகிப்போச்சு. அவரு கேக்கவேண்டியது பில் போடற புள்ளகிட்ட இல்ல, வரிசைல நிக்கறவங்ககிட்ட. முன்னால நிக்கற ஒருத்தரு சரின்னா மட்டும் பத்தாது, பின்னால நிக்கற அத்தனை பேரு நேரமும் தான் போகுது. இவராவது பரவால்ல. புருசன் காலி ட்ராலியோட வரிசைல நிப்பாரு, பொண்டாட்டி உள்ள சுத்திக்கிட்டு ஒவ்வொண்ணா கொண்டாந்து போடுவாங்க, நம்ம முன்னாடி வெறும் ட்ராலியோட நின்ன மனுசன் கவுண்டர் வர்றதுக்குள்ள மாச சாமானோட நிப்பாரு. இதுக்கு சட்டமெல்லாம் ஒண்ணுமில்ல, நான் நேரா "அண்ணா, அக்கா வந்த பொறவு வந்து நில்லுங்க"ன்னு சொல்லிடறேன், முறைப்பாங்க, முறைச்சா முறைச்சுக்கட்டும்.

வரிசை நிக்கறதுக்கு இன்னொரு காரணம் எடை போடாத காய்கறி. தக்காளி, வெங்காயம், லூசு பருப்பு எல்லாம் அந்தந்த எடத்துலயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வரணும், ஒட்டாம கவுண்டருக்கு வந்துட்டு "அப்படியா, யாரும் சொல்லலையே"ன்னு திரும்பி ஓடுவாங்க, அதுவரைக்கும் பில்லு பாதில நிக்கும். அந்த பில்லை ஹோல்டுல போட்டுட்டு அடுத்தவங்களுக்கு போட முடியும், ஆனா போட்டா திரும்பி வர்றவரு சண்டைக்கு வருவாரு, போடலைன்னா வரிசைல நிக்கறவங்க சண்டைக்கு வருவாங்க. எடை போடற எடத்துல இன்னொண்ணும் கவனிங்க, வெக்கறதுக்கு முன்னாடி தராசு சைபர்ல நிக்குதான்னு பாருங்க. டப்பாவுல போட்டு எடை போட்டா டப்பா எடையை கழிச்சாங்களான்னு பாருங்க, முக்கியமா ஸ்வீட்டு வாங்கும்போது, அட்டைப்பெட்டியை லட்டு விலைக்கு வாங்கறதுல நமக்கென்ன லாபம். தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறைல முத்திரை வாங்கணும், அந்த சீட்டை கேட்டா காட்டணும்.

போன்ல பணம் கட்டறதும் இப்ப ஒரு கூத்தாயிடுச்சு. எல்லாம் அடிச்சு முடிச்சு தொகை சொன்ன பொறவு தான் பைக்குள்ள கையை விட்டு போனை தேடுவாங்க, எடுத்தா லாக்கு, லாக்கை எடுத்தா நெட்டு இல்ல, கீழ் தளத்துல இருக்கற கடைன்னா கேக்கவே வேண்டாம். பணம் நம்ம அக்கவுண்டுல இருந்து போயி கடைக்கு வரலைன்னா அந்தப் புள்ளகிட்ட "உனக்கு வந்துருச்சு பாரு"ன்னு சண்டை போட்டு பிரயோஜனமில்ல. அவ ஸ்க்ரீன்ல வராத பணத்துக்கு சாமானை குடுத்துட்டா ராத்திரி கல்லா எண்ணும்போது குறையறது அவ தலைல தான் விடியும், நான் வேலை பார்த்த எடத்துல சம்பளத்துல புடிச்சிருக்காங்க. கடைக்குப் போய் சேராம நம்மகிட்ட கழிஞ்ச யூ.பி.ஐ பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல போனா நாளொண்ணுக்கு 100 ரூபா வீதம் சேத்து பேங்கு குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியிருக்குது. பணம் போனதுக்கு வர்ற பரிவர்த்தனை நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டு வேற வழில கட்டிட்டு நகருங்க. ஒரு நூறு எரநூறாவது நோட்டா பர்சுல இருக்கட்டும்.

நோட்டுன்னதும் சில்லறை ஞாபகம் வருது. மீதி ரெண்டு ரூபாக்கு சாக்லேட்டு குடுக்கறது, கேட்டா இல்லீங்கறது. அந்த சாக்லேட்டை சேத்து வெச்சு அடுத்த மாசம் நாம திருப்பி குடுத்தா வாங்குவாங்களா. நான் வேண்டாம்னு சொல்லி காசு கேட்டு வாங்கறேன், புள்ளைங்க தான் மொகத்தை தூக்கி வெச்சுக்கும். ஆனா நம்ம பக்கமும் ஒரு தப்பு இருக்குது, 10 ரூபா காயினை குடுத்தா "இது செல்லாதுங்க, நோட்டு குடுங்க"ன்னு வாங்க மறுக்கறது நாமளும் தான். அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே அறிக்கை விட்டுச்சு. கடைக்காரன் வாங்கறதில்லன்னு நாம வாங்கறதில்ல, நாம வாங்கறதில்லன்னு கடைக்காரன் வாங்கறதில்ல, கடைசில எல்லா காயினும் கோயில் உண்டியல்ல தான் போய் சேருது.

பில்லு போடறப்பவே "போன் நம்பர் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், நம்பர் குடுத்தாத் தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே கடைக்காரங்களுக்கு சொல்லிடுச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு இத்தனை நம்பர் வாங்கணும்னு மேல இருந்து பிடி இருக்கும், அதனால மொகத்தை கடுகடுன்னு வெக்காம "வேண்டாங் கண்ணு"ன்னு சொன்னா போதும். பை கதையும் இதே தான். 2019 ஜனவரி 1ல இருந்து தூக்கி எறியற மழைக்காயித (பிளாஸ்டிக்) பைக்கு தமிழ்நாட்டுல தடை, அதுக்கப்பறம் துணிப்பை, பேப்பர் பைன்னு காசுக்கு விக்கறாங்க. காசு கேட்டா கேள்வி கேளுங்க, ஆனா சரியான கேள்வியா கேளுங்க. முன்கூட்டியே தெரியற மாதிரி சொல்லாம பணம் கட்டற நேரத்துல பைக்கு காசு சேக்கறது முறைகேடான வணிகம்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பர்ல தீர்ப்பு சொல்லியிருக்குது. கடை வாசல்லயே பைக்கு இவ்வளவுன்னு போர்டு வெச்சிருந்தாங்கன்னா அதை படிக்காம உள்ள போனது நாம. என்ற மாமியா காலத்துல கடைகண்ணிக்கு போறதுன்னாவே கல்யாண வீட்டு மஞ்சப்பை ரெண்டு கைல இருக்கும், இப்ப அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை"ன்னு இயக்கமே நடத்தி ஞாபகப்படுத்த வேண்டியிருக்குது.

அரிசி மூட்டைக்கு நடந்த சண்டை ஒண்ணு இருக்குது. ஒரு பெரியவரு போன தடவை வாங்குனதை விட மூட்டை விலை கூடிப்போச்சுன்னு பில்லிங்ல நின்னு ஒரே சத்தம். பாத்தா முன்ன வாங்குனது 25 கிலோ, இது 26 கிலோ. 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி, அதுக்கு மேல எடை இருந்தா இல்ல, அதனால மில்லுக்காரங்க ஒரு கிலோவை கூட போட்டு 26 ஆக்கிட்டாங்க. கிலோவுக்கு வகுத்து பாத்தா அவருக்கு குறைவாத் தான் விழுந்திருந்துது. வகுத்து பாக்கற பழக்கத்தை இப்ப பாக்கெட்டே சொல்லித் தருது, எம்.ஆர்.பிக்கு பக்கத்துல பொடி எழுத்துல ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. பெரிய பாக்கெட்டு தான் லாபம்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்காதீங்க, சில நேரம் ரெண்டு சின்னது எடுத்தா குறையும். நான் எண்ணெய்லயும் டீத்தூள்லயும் இதை பாக்காம எடுக்கறதில்ல, வீட்டுக்காரரு தான் கடைல ரேக்கு முன்னால நின்னு படிக்கறதை பாத்து பரிட்சைக்கு படிக்கறியான்னு ரவுசு விடுவாரு.

இதெல்லாம் கடை பண்றது. நாம பண்றது ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. பிரிட்ஜ்ல இருந்து பால் பாக்கெட்டு, பன்னீர், ஐஸ்கிரீம் எடுத்துக்கிட்டு போறது, பாதி தூரம் போனதும் மனசு மாறுனா அதை அப்படியே சோப்பு ரேக்குலயோ மசாலா பாக்கெட்டு நடுவுலயோ செருகிட்டு போயிடறது. அதை யாரும் அரை மணி நேரம் பாக்க மாட்டாங்க. பாத்தா எப்ப வெச்சதுன்னு தெரியாது, மறுபடி பிரிட்ஜ்ல வெச்சா அடுத்து வாங்கிட்டுப் போறது வேற ஒரு வீட்டுக் கொழந்தைக்கு, வெக்காட்டி வீண். வேண்டாம்னா கவுண்டர்ல குடுத்து வேண்டாம்னு சொல்லுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. பேரீச்சம்பழ பாக்கெட்டை பிரிச்சு ஒண்ணை வாயில போட்டுப் பாக்கறது, நிலக்கடலையை அள்ளித் தின்னுக்கிட்டே சுத்தறது, அரிசி டப்பாவுக்குள்ள கையை முழங்கை வரைக்கும் விட்டு அளையறது, இதெல்லாம் செய்யறவிய வேற யாராவது அவிய வீட்டு சோத்துப் பானைல கையை விட்டா விடுவாங்களா?

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. திருப்பூர்ல ஒடிசா, பீகார், ஜார்கண்ட்ல இருந்து வந்து கம்பெனில வேலை பாக்கற பசங்க சனிக்கிழமை ராத்திரி கூட்டமா வந்து ஆட்டா, கடுகெண்ணெய், உருளைக்கெழங்கு வாங்கிட்டு போவாங்க. நம்மூர்ல நாய்க்குட்டியைக் கூட "வாங்க போங்க"ன்னு கூப்புடற சனம், இந்தப் பசங்களை மட்டும் "ஏ இந்தா, தள்ளு"ன்னு சொல்லிட்டு முன்னால போயி நிக்கும். அவங்களுக்கு பாஷை தெரியாததால எதுத்து கேக்க மாட்டாங்க, ஆனா பில்லுல என்ன நடக்குதுன்னு நல்லாவே புரியும், கண்ணை பாத்தாலே தெரியும். பில்லிங்ல இருந்தப்ப நான் இந்தில 100 வரைக்கும் எண்ண கத்துக்கிட்டது அவங்களால தான். வரிசைன்னா அது யாருக்கும் வரிசை தான்.

நான் வேலை பாத்தப்ப கவுண்டர்ல உக்காரவே கூடாது, ராத்திரி வீட்டுக்குப் போனா கால் ரெண்டும் வீங்கியிருக்கும். 2021ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை திருத்தி வேலை செய்யறவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. இப்பவும் சில கடைல பாக்கறேன், ஸ்டூல் இருக்கும், மேல பில்லு ரோல் அட்டைப்பெட்டி உக்காந்திருக்கும். அந்தப் புள்ள உக்காந்துக்கிட்டு பில்லு போட்டா "திமிரை பாரு"ங்கற சனம் இருக்குதுங்க, நானே காதால கேட்டேன்.

வாங்குன சாமான்ல குறை இருந்தா, உதாரணத்துக்கு ரவைல பூச்சி, எண்ணெய் காறல் வாசம், "விற்ற பொருள் திரும்ப பெறப்பட மாட்டாது"ன்னு பில்லுல அடிச்சிருக்கறதை பாத்து பயப்படாதீங்க. குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்க மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி முறைகேடு. ஆனா பில்லு இருக்கணும். இப்ப வர்ற பில்லு பேப்பரு வெயில்ல வெச்சா ஒரு வாரத்துல வெளுத்து வெள்ளைக் காயிதமாயிடும், வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்துடுங்க. திருப்பித் தர சனிக்கிழமை சாயங்காலம் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல போங்க, ஊரே கறிக்கடை வாசல்ல நிக்கும், மளிகைக் கடைல ஈ காக்கா இருக்காது, மேனேஜரே வந்து நின்னு கேப்பாரு.

காய்கறிக்கு நான் கடைக்கு போறதே கம்மி, உழவர் சந்தை தான். 1999ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் காலைல இருட்டோட போனா பொங்கலூர், குண்டடம் பக்கத்துல இருந்து சின்ன வெங்காயம், மூலனூர் பக்கமிருந்து முருங்கைக்கான்னு எறங்கிட்டு இருக்கும். ரேட்டு அன்னன்னைக்கு போர்டுல எழுதிடுவாங்க, அதனால பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனாலும் நம்ம சனம் விடுமா. சின்ன வெங்காயத்தை எடைக்கு போடறதுக்கு முன்னாடி ரெண்டு கையில போட்டு தேச்சு சருகை எல்லாம் ஊதி விட்டுட்டு தான் தட்டுல போடுவாங்க, முருங்கைக்காயை முறுக்கிப் பாப்பாங்க, தேங்காயை ஒவ்வொண்ணா காதுகிட்ட ஆட்டுவாங்க. தேங்காயை ஆட்டிப் பாக்கறது நியாயம், தண்ணி சத்தம் வேணும். சொரக்காயில நகத்தை குத்தறது அநியாயம், குத்துன எடம் மத்தியானத்துக்குள்ள கறுத்து அழுகிடும், அப்பறம் அதை யாரும் வாங்க மாட்டாங்க. வெண்டைக்காய் நுனியை உடைக்கறதும் அப்படித் தான். பிஞ்சா பாத்து எடுக்கணும்னா உடைக்க வேண்டாம், கையில தொட்டுப் பாத்தாலே தெரியும், முத்துனது வெறைப்பா இருக்கும்.

டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல இதை கேக்க ஆளில்ல, இங்க கேப்பாங்க, வெதச்சு தண்ணி கட்டி பறிச்சுக் கொண்டாந்த ஆளே எதுத்தாப்புல உக்காந்திருக்குது. போன மாசம் ஒரு அம்மா வெண்டைக்காய் குவியலை படபடன்னு உடைச்சுக்கிட்டு இருந்தாங்க, கடை போட்டிருந்த ஆத்தா ஒண்ணுமே பேசலை, அவங்க உடைச்சு ஒதுக்கறதை எல்லாம் ஒவ்வொண்ணா பொறுக்கி தராசுத் தட்டுல போட்டுக்கிட்டே இருந்துது. கடைசில அந்தம்மா அரைக் கிலோ போடுங்கன்னு சொன்னதும் ஆத்தா சிரிச்சுக்கிட்டே, "ஒன்றரை கிலோ ஆச்சுங் கண்ணு, பையை விரிங்க".